நாற்பது சொல்

ஒரு பொருளுக்கு நாற்பது சொல், மேலே கூடாது
என்று எரெவானிலிருந்து சுற்றறிக்கை.
ஐயாயிரம் ஆண்டு.
வகுத்துப் பார்த்தேன்:
சொல் ஒன்றுக்கு நூற்றிருபத்தைந்து.
ஓர் 'ஆனால்' போட்டால்
நான்கு தலைமுறை செலவு.

பொருள், ஒரு கறுப்புச் சட்டி.
கார்மிர்சோரில், வார்த்கெஸின் உருளைக்கிழங்கு வயலில்
ஒருக்களித்துப் படுத்திருந்தவளின்
முழங்காலருகே கிடைத்தது.
உடைந்த சட்டி. உடைந்தபின்
விரிசலின் இரு கரையிலும் துளையிட்டு
நரம்போ தோல்வாரோ கோத்து இறுக்கியிருக்கிறார்கள்.
கட்டியது மக்கிவிட்டது.
துளைகள் மட்டும் எதிரெதிரே,
பேச்சு நின்றுபோன அண்டை வீட்டுச் சன்னல்களாய்.

உள்சுவரில் பால்கொழுப்பு என்றது ஆய்வகம்.
'பால் கலம்' என்று எழுதினேன்.
'அவளோடு ஏன் புதைத்தார்கள், தெரியவில்லை.'
இயக்குநர் சிவப்பு மையால்
'தெரியவில்லை'யை அடித்து
'சடங்கு' என்று போட்டனுப்பினார்.
காசு கொடுத்து வருகிறவன், ஷோகிக்,
நம் தெரியாமையைப் பார்க்கவா வருகிறான்?

ஜனவரியில் அந்த ஊருக்கே போனேன்.
பள்ளி உடற்பயிற்சிக் கூடம்,
கூடைப்பந்து வளையத்தில் தொங்கவிட்ட படுக்கை விரிப்புதான் திரை.
இருபத்தாறு பேர். பாதிப்பேர்
கணப்பு எரிகிறதென்று வந்தவர்கள்.
படம் காட்டினேன். காலம் கணித்த விதம் சொன்னேன்.
இடப்பக்கப் பற்கள் மட்டும் தேய்ந்திருந்ததைச் சொன்னேன்
(வலப்பக்கம் வலித்திருக்கும்).
முதல் கேள்வி: விற்றால் எவ்வளவு?
அடுத்து மருந்துக்கடை அருஸ்யாக் எழுந்தாள்:
"அவள் நம்மவளா?"

ஒரே ஒரு 'ஆமாம்' போதும்.
கைதட்டல் உண்டு, வால்நட் ஜாம் உண்டு,
வரும் கோடைக்குக் கூலியில்லாத மண்வெட்டிகள் உண்டு.

"எலும்பில் காய்ச்சல் தங்கும்.
பல்லில் பசித்த வருடம் கோடாகத் தங்கும்.
மொழி தங்காது" என்றேன்.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.
இரண்டு பேர் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.
அருஸ்யாக் உட்காரவில்லை.
கணப்பில் ஒரு கட்டை சரிகிற ஓசை
அவ்வளவு நேரம் நீளுமென்று எனக்குத் தெரியாது.

அப்புறம் வார்த்கெஸ்,
எங்கள் குழியால் இரண்டு அறுவடை இழந்தவர்,
கடைசி வரிசையிலிருந்து:
"எந்த மொழியில் திட்டினாளோ,
திட்டியது என் வயல் கல்லைத்தான்."
சிரிப்பில் அருஸ்யாக்கும் உட்கார்ந்தாள்.

சட்டியைக் கேட்டார்.
தரக்கூடாது என்பது விதி. தந்தேன்.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
துளை வழி வெளிச்சம்
அவர் கன்னத்தில் ஆறு புள்ளியாய் விழுந்தது.
"இதில் பால் நிற்காதே" என்றார்.
பிசின் வைத்து அடைத்திருக்கலாம் என்றேன்.
தடம் இருக்குமே, என்றார்.
தடம் இல்லை.

மூன்று கோடை, இரண்டு ஆய்வகம்,
லைப்சிக்கில் வாசித்த ஒரு கட்டுரை;
ஓட்டைச் சட்டி ஒழுகும் என்று
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உடையும் மட்டும் பால். அப்புறம் வேறு ஏதோ.
என் ஓட்டை வாளியில்
ஆணி போட்டு வைத்திருக்கிறேன்."

திரும்பும் வேனில், பனிச் சாலைக் குலுக்கலில்,
கையுறையைக் கழற்றாமலே எழுதினேன்.
முதலில் பால். உடைந்தது. எறியவில்லை, தைத்தார்கள்.
பிறகு ஒழுகாத எதையோ இட்டுவைத்தார்கள்;
எதையென்று தெரியவில்லை.
கண்டு சொன்னவர் நிலத்துக்காரர் வார்த்கெஸ்.
அளவு, வயது, இடம் எல்லாம் சேர்த்து எண்ணினால்
நாற்பத்தொன்று.
தொடக்கத்தில் ஓர் 'அரிய' இருந்தது.
அதை அடித்தேன்.

இயக்குநர் பதிலே போடவில்லை.
பலகை தொங்குகிறது.

வெள்ளிக்கிழமை, சந்தை முடிந்து
சேற்றுக் காலணியோடு வருகிறார்.
சீட்டு வாங்குவதில்லை, காவலாளி கேட்பதுமில்லை.
பலகையில் தன் பெயரைப் பார்த்தாரா, தெரியாது.
கண்ணாடிக்கு முன் குனிந்து
துளைகளை எண்ணுகிறார்,
போன வாரம் இருந்த அத்தனையும்
இருக்கிறதா என்று.